பை நிறைய ரோல்ஸ்

லண்டனில் இல்ஃபோர்ட் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் ஒரு தமிழ்க் கடை. இரண்டு மட்டன் ரோல்ஸ் கேட்கிறேன். கடைக்காரர் பை நிறையப் போட்டுக் கையில் திணிக்கிறார். காசை நீட்டினால் தள்ளிவிட்டு டிவியைக் காட்டுகிறார். இராணுவச் செலவைக் குறைக்க, வெளிநாட்டு முகாம்களில் இருக்கும் படைகளைத் திருப்பி அழைக்க அரசு திட்டமிடுகிறதாம்.

"என்ர மகள் பிரிட்டிஷ் ஆமியில, அண்ணை. வீட்டை வரப்போறாள்!"

"இன்னும் திட்டம்தானே போடுறாங்க?" என்கிறேன்.

"ஓம், ஓம். பொறுத்திருக்க ஏலாமல் விடியவே பொரிக்கத் தொடங்கியிட்டன்."

எண்ணெய்ச் சட்டியில் அடுத்த ஈடு குதிக்கிறது. அவரும்தான்.

"யாழ்ப்பாணத்தில ஆமி வருதெண்டால் எரியிற அடுப்பை அப்பிடியே விட்டிட்டு ஓடுவம். இப்ப பாருங்கோ, ஆமி வருதெண்டு அடுப்பு மூட்டியிருக்கிறன்!"