நாள் சொல்லாத வீடு

ஸ்வேல் பள்ளத்தாக்கின் மேட்டுப் பண்ணைகளில் ‘மக் இன்’ என்று ஒரு சொல் புழங்குகிறது. வாய்ப்பேச்சுக்கான சொல், கடுதாசியில் யாரும் எழுதுவதில்லை. எல்லாரோடும் சேற்றில் இறங்கு என்பது அதன் பொருள். ஜூலையில் ஆட்டு ரோமம் கத்தரிக்கும்போது ஊரே வீடுவீடாக இறங்கும். ஒரு வீட்டுக் களத்தில் கூடும்போதே அடுத்த வீட்டுக்காரர் தன் நாளைச் சொல்லிவிடவேண்டும். சொல்லாத வீட்டுக்கு யாரும் போகமாட்டார்கள். வந்தவருக்கு நன்றி சொன்னால் அது அவமதிப்பு.

தெர்சா ஆல்டர்சன் முப்பது வருடம் அப்படி எல்லார் களத்திலும் இறங்கியவள். தன் வீட்டு நாளைச் சொல்வது மட்டும் கணவன் ஜோனஸின் வேலையாக இருந்தது. போன இலையுதிர்காலத்தில் ஜோனஸ் இறந்துபோனான். “நானே பாத்துக்குறேன்” என்று அவள் ஊரிடம் சொன்னாள். அந்தப் பேச்சை ஊர் மதித்தது.

இப்போது அவள் மணிக்கட்டு முறிந்திருந்தது. காலையில் ஓர் ஆட்டின் ரோமத்துக்கடியில் புழு நெளிவதைப் பார்த்தாள். சீக்கிரம் கத்தரிக்காவிட்டால் மந்தை முழுக்கப் புழு வைத்துவிடும்.

ஆனாலும் அன்று வில்ஃப் ஹார்க்கர் களத்துக்குத்தான் போனாள். கத்தரித்த ரோமக் கம்பளியை முழங்காலால் அழுத்தி ஒற்றைக் கையால் சுருட்டினாள். அது அவிழ்ந்து அவிழ்ந்து போயிற்று.

“மகராசி பாதிக் கையோட வந்திருக்கா” என்றான் வில்ஃப்.

“உன் ரெண்டு கைக்கு இது போதும்டா.”

களம் சிரித்தது. அவன் குனிந்து அவள் கம்பளியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான். அவள் தடுக்கவில்லை. கொடுக்கும் கை பழகிய அளவுக்கு வாங்கும் கை பழகவில்லை. ‘மக் இன்’ என்ற சொல்லில் பாதியைத்தான் இத்தனை வருடம் வாழ்ந்திருக்கிறோமோ என்று அவளுக்குத் தோன்றியது.

“அப்ப உங்க வீட்டுல என்னைக்கு?” என்றான் வில்ஃப், நிமிராமலே.

கத்தரிகள் ஓடிக்கொண்டிருந்தன. யாரும் அவளைப் பார்க்கவில்லை. ஆனால் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“நாளைக்கு” என்றாள்.

“எங்களுக்குப் போடுற பன்னிக்கறியக் கொஞ்சம் தடிமனா வெட்டு. போன வருசம் துண்டு வழியா சன்னலே தெரிஞ்சுது” என்றான் வில்ஃப்.

நன்றி என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டு, அடுத்த கம்பளியை இழுத்து முழங்காலுக்கடியில் வைத்தாள்.