மாணிக்கச் சுரங்கத்தின் வயதும் என் செருப்பு மண்ணும்

ரத்தினக்கல் விளைந்த பாறைக்கு வயது சொல்கிறவர்கள் மேலே ஏசி அறையில் இருப்பார்கள். அந்தப் பாறையை உடைத்துப் பொடியாக்குகிறவன் கீழே பேஸ்மெண்டில் தூசி தின்றுகொண்டிருப்பான். செம்பூர் லேப் ஒன்றில் இருபத்திரண்டு வருஷமாக அந்த ஆள் நான்தான். படித்தவர்களுக்குக் கீழே வேலை பார்த்து நொந்தவர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

வயது கூட்டித் தரச் சொன்னவர்

காயல்பட்டினத்து வியாபாரி ஒருவர் மலைப் பக்கத்துச் சுரங்கம் ஒன்றின் மாணிக்கத்தையும், அது ஒட்டியிருந்த பாறையையும் கொண்டுவந்தார். மாணிக்கத்தை வைத்து வயது பார்க்க முடியாது, பாறையை உடைத்து அதிலிருக்கும் சிர்கான் என்ற பொடி மணிகளை எடுக்க வேண்டும் என்றேன். அந்த மணிக்குள் இருக்கும் யுரேனியம் கொஞ்சம் கொஞ்சமாக ஈயமாக மாறும். எவ்வளவு மாறியிருக்கிறது என்று ஐசோடோப் மெஷின் அளந்தால் வயது தெரிந்துவிடும். எட்டாம் வகுப்பு படித்த எனக்கே புரிந்த விஷயம் இது. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "சரி அண்ணாச்சி, ஒரு நூறு கோடி வருஷம்னு போட்டுக் குடுங்க. அப்ப இருந்து பாத்தவன் எவன் வந்து கேக்கப் போறான்?"

கழுவினாலும் கழுவாதவன்

ஒரு பாறையை உடைத்தபின் அந்த உடைக்கிற மெஷினைப் பிரஷ் போட்டுக் கழுவி, வெறும் வெள்ளைக்கல்லை ஒரு தடவை ஓட்டிவிட்டுத்தான் அடுத்ததைப் போடுவேன். பழைய மணி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தாலும் கணக்கே கெட்டுவிடும். மாட்டுங்காவிலிருந்து வரும் எங்கள் மேடம் டாக்டர் பட்டம் வாங்கியவர். என் கை ஈரம் காய்வதற்குள் கீழே இறங்கி வந்து எட்டிப் பார்ப்பார். "நீங்க அலம்பிட்டேள்னு தெரியும் செல்லையா அண்ணா. எனக்காக இன்னொரு வாட்டி அலம்பிடுங்கோ."

ஃபேன் போட்ட புண்ணியவான்

அந்த வியாபாரியின் பாறையில் கிடைத்த மணிகளை மைக்ராஸ்கோப்பில் பார்த்து ஊசி முனையால் ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். மூச்சைக்கூட அடக்கித்தான் விட வேண்டும். சாயங்காலம் ஒரு தட்டு சேர்ந்தது. டீ கொண்டுவந்த பியூன், தாராவியில் என் தெருக்காரன்தான், நான் வேர்த்திருப்பதைப் பார்த்து இரக்கப்பட்டு ஃபேனைத் தட்டிவிட்டான். ஒரு நாள் உழைப்பு சுவரோடு போயிற்று. நான் கத்தியதைக் கேட்டு அவனுக்குத்தான் வருத்தம்: "மண்ணுக்கா அண்ணாச்சி இந்தச் சத்தம்? வாசல்ல ஒரு லாரி கொட்டிக் கெடக்கே!"

ஊரிலிருந்து வந்த குற்றம்

நாலு நாள் சொந்த ஊரான உவரிக்குப் போய் வந்தபின் மீதிப் பாறையை உடைத்து மறுபடி பொறுக்கிக் கொடுத்தேன். மணிகளில் பலவற்றுக்கு மூன்று கோடி வருஷம் வந்தது. நாலுக்கு மட்டும் ஐம்பது கோடிக்கு மேல். எங்கள் ஊர்க் கடற்கரை மணலிலும் இதே சிர்கான் உண்டு, வயதும் கிட்டத்தட்ட அதுதான். அந்த மணலைச் செருப்பில் கொண்டுவந்து கலந்துவிட்டேனாம். 'என் கவனக்குறைவால்' என்று டைப் அடித்த தாளை நீட்டினார் மேடம். கையெழுத்துப் போட்டால் வேலை போகும். அறுபதை நெருங்குகிறவனுக்கு வேறு எங்கே வேலை? மாட்டேன் என்றேன். "போடலேன்னா இன்னும் மோசமாயிடும் அண்ணா, யோசிச்சுக்கோங்கோ."

மணிக்குள் மணி

அன்று முழுக்க அந்த நாலு மணிகளையும் மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே இருந்தேன். புளியங்கொட்டைக்கு மேல் தோல் மாதிரி, உள்ளே ஒரு மணியும் அதைச் சுற்றி ஒரு தோலும் தெரிந்தது. வயது பார்க்க மெஷினின் லேசர் சுட்ட குழி நாலிலும் நடுவில்தான் இருந்தது. மேடத்தைக் கூப்பிட்டு, "தோலிலும் ஒரு தடவை சுட்டுப் பாருங்க" என்றேன். முகத்தைச் சுளித்தாலும் சுட்டார். தோலுக்கு மூன்று கோடி! பழைய மணியின் மேல், மாணிக்கம் விளைந்த காலத்தில் புதுத்தோல் வளர்ந்திருக்கிறது. உவரி மணலுக்கு அந்தத் தோல் ஏது? மேடம் தாளை நாலாகக் கிழித்துக் குப்பைத்தொட்டியில் போட்டார். நான் அங்கேயே நின்றேன், ஒரு வார்த்தை வரும் என்று. வந்தது: "நல்ல வேளை நீங்க கையெழுத்துப் போடலை அண்ணா, போட்டிருந்தா புது ஆளுக்கு நான்னா இதெல்லாம் சொல்லிக் குடுக்கணும்!"

ஊமைக் கல்லிடமிருந்து ஐம்பது கோடி வருஷத்து உண்மையை வாங்கிவிடலாம், படித்தவர் வாயிலிருந்து ஒரு 'ஸாரி' வாங்குவதற்குத்தான் இன்னும் மெஷின் வரவில்லை.