தாய்மாமன் பெயர் போட்ட பத்திரிகை

இரண்டாயிரத்து நாலாம் வருஷம், சித்திரை மாத வெயில். விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பொம்மைப் பட்டறையில் நானும் என் தம்பியும் வேலை பார்த்தோம். நான் அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளின் பிசிறைத் தேய்ப்பேன். அவன் பெயிண்ட் அடிப்பான், கண் எழுதுவான். கண் எழுத அவனை விட்டால் அங்கே வேறு ஆள் கிடையாது.

லோடு ஏற்றும் ஆள் ஒருத்தன், வேலைக்கு வரும் பெண்களிடம் கண்டபடி பேசுவான். தம்பி ஒருநாள் எல்லோர் எதிரிலும் அவனைக் கண்டித்துவிட்டான். மறுநாள் மதியம் எல்லோரும் வெளியே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் தண்ணீர் எடுக்க உள்ளே போனேன். குனிந்து கண் எழுதிக்கொண்டிருந்த தம்பியின் பின்மண்டையில் அந்த ஆள் இரும்புப் பைப்பால் ஓங்கி அடித்தான். சாய்ந்து விழுந்தவனின் வலது கையில் இன்னும் இரண்டு அடி. அடித்தது யாரென்று தம்பி பார்க்கவில்லை. பார்த்தவள் நான் ஒருத்திதான்.

ஆஸ்பத்திரிக்கு எங்கள் தெருக்காரர் ஒருவர் வந்தார். வரப்புத் தகராறுக்காகப் பத்து வருஷம் கோர்ட்டுக்கு நடந்தவர். "கூடப் பொறந்தவ சாட்சி கோர்ட்டுல செல்லாதும்மா. அக்கான்னு மூச்சு வுடாத. கூட வேலை செய்யற பொம்பளன்னு சொல்லு, கேஸு நிக்கும்" என்றார். படித்த ஒருத்தரிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. போலீசில் அப்படியே சொன்னேன், தம்பியையும் சொல்ல வைத்தேன். என் பெயரோடு கணவர் பெயர், அவன் பெயரோடு அப்பா பெயர். யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன். பட்டறைக்காரர்களும் எங்களுக்கு நல்லது செய்வதாக நினைத்து வாயை மூடிக்கொண்டார்கள்.

இரண்டு வருஷம் கழித்துக் கூண்டில் ஏறினேன். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். எதிர்த்தரப்பு வக்கீல் அந்த அடியைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. அடிபட்டவர் உங்களுக்கு உறவா என்றார். இல்லைங்க என்றேன்.

உடனே அவர் ஒரு பத்திரிகையை நீட்டினார். மூலையில் மஞ்சள்கூட அழியவில்லை. என் மகளின் காதுகுத்துப் பத்திரிகை! பட்டறையில் எல்லோருக்கும் நானே என் கையால் கொடுத்தது, அந்த லோடு ஆளுக்கும் சேர்த்து. அதில் 'தாய்மாமன்' என்று கொட்டை எழுத்தில் என் தம்பி பெயர். மாமன் பெயர் இல்லாமல் எங்கள் பக்கம் எந்தக் காதுகுத்துப் பத்திரிகை அச்சாகிறது? என் பிள்ளையை மடியில் வைத்துக் காது குத்தியவனை, சத்தியம் செய்துவிட்டு, யாரோ என்று சொல்லிவிட்டேன்.

ஏன் பொய் சொன்னீர்கள் என்று நீதிபதி கேட்டார். தெருக்காரர் சொன்னதை அழுதுகொண்டே சொன்னேன். நீதிபதி, "அக்கான்னா சாட்சி சொல்லக் கூடாதுன்னு யாரும்மா சொன்னது? வீட்டுக்காரங்க சாட்சியும் சாட்சிதான். கொஞ்சம் கவனமா அலசிப் பார்ப்போம், அவ்வளவுதான்" என்றார்.

அந்த ஆள் விடுதலையாகிவிட்டான். என் பேச்சை நம்ப முடியாதாம். நேரே தெருக்காரர் வீட்டுக்குப் போய் வாசலில் நின்று கத்தினேன். "நல்லதுக்குத்தானம்மா சொன்னேன்" என்று சாவகாசமாகச் சொன்னார். அவரை என்ன செய்ய? தம்பி, "வுடுக்கா, வூட்டுக்கு வா" என்று இடது கையால் என்னை இழுத்துக்கொண்டு போனான். வலது கை விரல்கள் அவனுக்கு இன்றுவரை மடங்கவில்லை.

'சொந்தக்காரங்க சாட்சி செல்லாது' என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வீட்டுக்குள் நடப்பதை வீட்டுக்காரர் பார்க்காமல் ஊரா வந்து பார்க்கும்? என் கண் பார்த்தது அத்தனையும் நிஜம், அதை என் வாயாலேயே பொய்யாக்கிவிட்டேனே என்ற ஆத்திரம் மட்டும் எனக்கு ஆறவே இல்லை.