பீரங்கி ஊடு

சவுக்குத் தோப்பின் ஓரத்தில் நின்ற அந்தக் கான்கிரீட் அறைக்குக் கதவு கிடையாது. கடலைப் பார்த்த சுவரில் மட்டும், துப்பாக்கிக் குழலை நீட்டுவதற்காக விட்ட நீளமான பிளவு ஒன்று இருந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் கடல்வழியே வந்து இறங்கிவிடுவான் என்று பயந்து வெள்ளைக்காரர்கள் கட்டியது. யாரும் வந்து இறங்கவில்லை. கட்டியவர்களும் போய்விட்டார்கள். ஊரார் அதைப் பீரங்கி ஊடு என்றார்கள். எங்களுக்கு அது அத்தை வீடு.

அத்தை என் அப்பாவின் தங்கை. மாமா அந்தத் தோப்புக்குக் காவல்காரர். ஒரு புயலில் குடிசை பறந்துபோகவே, இருவரும் சட்டி பானையோடு அதற்குள் குடிபுகுந்தார்கள். அத்தை பிளவில் சாக்கைச் செருகி உப்புக்காற்றை அடைத்தாள். வாசலுக்கு ஓலைத்தட்டி கட்டினாள். பகலில் குடித்த வெயிலையெல்லாம் அந்தச் சுவர்கள் ராத்திரியில் கக்கும். அதைப் பற்றி அவள் குறைப்பட்டதே இல்லை. "குண்டு போட்டாலும் அசையாத ஊடுடா நைனா! எந்த மவராசிக்குக் கெடைக்கும்?" என்று சிரிப்பாள். அங்கேதான் அவளுக்கு ஒரு மகன் பிறந்தான். மூன்றாம் மாதத்தில் காய்ச்சல் கண்டு இறந்தான். மாதா கோயில் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோக அவள் விடவில்லை. தான் தலைவைத்துப் படுக்கும் சுவருக்கு வெளியே, மணலிலேயே புதைக்கச் சொன்னாள். ஒரு சுவர்தானே நடுவில் என்றாளாம்.

மாமா இறந்த பிறகு கவரைப்பேட்டையில் எங்களோடு இருக்க வந்துவிட்டாள். கம்பெனி ஒன்றில் தரை கூட்டிப் பெருக்கும் வேலை. கல்லறைத் திருநாள் வந்தால் மட்டும் லீவு போட்டுவிட்டுத் தனியாகப் பஸ் ஏறிப் போவாள்; மகனைப் புதைத்த மணலில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டுத் திரும்புவாள். முழங்கால் தேய்ந்ததில் சில வருடங்கள் அதுவும் நின்றது. போன நவம்பரில் நானே பைக்கில் கூட்டிப்போனேன். சாமந்திப் பூவை மடியில் வைத்துக்கொண்டு வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள்.

தார்ச்சாலை முடிந்து மணல் தொடங்குமிடத்தில் கடல் நின்றது. தோப்பே இல்லை.

"வயி மாறி வந்துக்கினியா?" என்றாள்.

பதில் சொல்ல வாய் திறந்தபோதுதான் அதைப் பார்த்தேன். அலைகளுக்கு நடுவே, ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது பீரங்கி ஊடு. பிளவு வழியாக நுழைந்த தண்ணீர், வாசல் வழியாக நுரைத்து வெளியே வந்துகொண்டிருந்தது. தடுக்கக் கட்டிய சுவர் நிற்கிறது, அது நின்ற கரை இல்லை என்பது கண்ணுக்குத் தெரிந்தும் புத்திக்கு எட்டவில்லை.

கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர் எங்களை நிமிர்ந்து பார்த்தார். "கடலு அரிச்சிக்கினே வர்தும்மா. தோப்பு, பாதை, எல்லாம் பூட்ச்சி. அது ஒண்ணுதான் மிச்சம். இன்னா தேட்றீங்க?"

அத்தை அழவில்லை. பூப்பொட்டலத்தை என் கையில் திணித்துவிட்டு, செருப்போடு தண்ணீரில் இறங்கினாள். படியேற என் தோளைப் பிடிக்கும் அத்தை அன்று நடந்த வேகம் எங்கிருந்து வந்ததோ! அலை இடுப்பில் அடித்தபோதுதான் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தேன். உதறினாள்.

"உடுடா நைனா," என்றாள், கடலிலிருந்து கண்ணை எடுக்காமல். "அவனுக்கு நீஞ்சத் தெரியாதுடா."