ஒரு மாதம் திறக்காத பெட்டி

திருத்தங்கலில் எங்கள் அச்சகத்துக்கு வேலைக்கு வந்தபோது பாண்டிச்செல்வியின் நகக்கண்களில் வெள்ளிப்பொடி ஒட்டியிருந்தது. எம். புதுப்பட்டியில் கம்பி மத்தாப்பை மருந்தில் முக்கி எடுக்கிற வேலை பார்த்தவள். பத்தாவதோடு ஆலைக்குப் போய், ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி வந்து கம்ப்யூட்டரில் படம் வரையப் படித்தாள். நான் அங்கே அச்சடித்த தாள்களை வெட்டிக் கட்டுகிறவள். என் மேசையிலிருந்து பார்த்தால் அவள் முதுகும் அதற்கு அப்பால் திரையும் தெரியும்.

கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்த அந்த நாற்காலியை விட்டால் அவள் திரும்பப் போக வேண்டிய இடம் மத்தாப்பு ஆலைதான். அவள் அம்மா முருகம்மாள் ஒருநாள் சோற்றுத் தூக்கோடு வந்து மகள் உட்கார்ந்திருப்பதை வாசலிலேயே நின்று பார்த்தாள். "காத்தாடிக்குக் கீழ உக்காந்து சம்பளம் வாங்குறா என் மக" என்று என்னிடம் சொல்லிவிட்டு, உள்ளே வராமலே போய்விட்டாள்.

பட்டாசுப் பெட்டிமேல் ஒட்டுகிற லேபிள்தான் எங்கள் அச்சகத்தின் வேலை. கிளி, மயில், குழந்தை, ராஜா என்று எல்லாவற்றையும் பாண்டிச்செல்விதான் வரைவாள். கம்ப்யூட்டரில் மாதம் ஒரு வைரஸ் வரும். மெக்கானிக் வந்து எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக்கிவிட்டுப் போவார். பிளாப்பியில் போட்டு வைத்தால் அதுவும் திறக்காது. வரைந்ததையே திரும்பத் திரும்ப வரைந்து அவளுக்குக் கண் சிவந்து கிடக்கும்.

முதலாளி சீனிவாசகத்தின் மகன் ராம்குமார் சென்னையில் படித்துக்கொண்டிருந்தான். 2006இல் விடுமுறைக்கு வந்தவன் அவளுக்கு வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றின் இலவச மெயிலைத் திறந்து கொடுத்தான்.

"முடிச்ச லேபிளை எல்லாம் உனக்கு நீயே அனுப்பி வச்சுக்கோ பாண்டி. சிவகாசியே தீப்பிடிச்சாலும் உன் கிளி பத்திரமா இருக்கும்" என்றான்.

"வாயில நல்ல வார்த்தையே வராதா உங்களுக்கு?" என்றாள் அவள். ஆனால் அன்றிலிருந்து ஒரு லேபிள் முடிந்தால் அனுப்பாமல் எழுந்திருக்க மாட்டாள். மெயிலைத் திறக்கும்போதெல்லாம் அடுத்த மாநில லாட்டரியிலிருந்து முடி வளர்க்கும் எண்ணெய் வரைக்கும் விளம்பரம் ஓடும். அதையும் சகித்துக்கொண்டாள்.

எங்கள் பக்கத்தில் வருடம் தீபாவளியோடு முடிகிறது. காலண்டர் அடிக்கிற பெரிய அச்சகங்கள் அப்போதுதான் மும்முரமாக ஓடும். எங்களைப் போல லேபிள் மட்டும் அடிக்கிறவர்கள் கதவைப் பூட்டிவிட வேண்டியதுதான். ஆலை திறந்து, பூஜை போட்டு, பெட்டி மடிக்க ஆரம்பித்த பிறகுதான் எங்களுக்கு வேலை.

அந்த வருடம் தீபாவளிக்கு முன்பே, எங்கள் பெரிய வாடிக்கையாளரான லட்சுமிகாந்தம் அடுத்த சீசனுக்கான புது லேபிள்கள் எல்லாவற்றையும் பார்த்துச் சரி சொல்லியிருந்தார். அச்சுக்குப் பிலிம் எடுப்பது, அச்சடிப்பது எல்லாம் ஆலை திறக்கும்போது. அச்சகத்தைப் பூட்டுமுன் முதலாளி வழக்கம்போல மெக்கானிக்கை வரச்சொல்லி கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்தார். "எல்லாம் மெயில்ல இருக்கு, அழிங்க" என்று பாண்டிச்செல்விதான் சொன்னாள்.

பிறகு மழை. புதுப்பட்டியில் அப்போது பிரவுசிங் சென்டர் கிடையாது. மெயில் பார்ப்பதற்கென்று பஸ் ஏறி யார் வருவார்கள்?

ஒரு மாதத்துக்கும் மேல் கழித்து, ஆலை பூஜைக்குச் சில நாள் முன்பு அச்சகம் திறந்ததும் வந்து மெயிலைத் திறந்தாள். உள்ளே ஒன்றுமே இல்லை. ஆங்கிலத்தில் நாலு வரி மட்டும் இருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தாள். ஒரு மாதமாக நீங்கள் வராததால் உங்கள் பெட்டியிலிருந்தவற்றை நீக்கிவிட்டோம், மீண்டும் வந்ததற்கு நன்றி என்று எழுதியிருந்தது.

"நன்றியாம்க்கா" என்று என் பக்கம் திரும்பினாள்.

நான் கோபப்படத் தெரியாதவள் என்று வீட்டில் சொல்வார்கள். அன்றைக்கு எனக்கே நெஞ்சு கொதித்தது. பூட்டின வீட்டுக்காரர்கள் ஊருக்குப் போயிருக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டில் சாவி வாங்கி, சாமான்களை அள்ளி வீதியில் எறிந்துவிட்டு, வாசலில் கோலம் போட்டு வைப்பார்களா?

அந்த மெயிலிலேயே உதவி என்று ஒரு இடம் இருந்தது. அதில் எழுதினாள். உடனே பதில் வந்தது, உங்கள் கடிதம் கிடைத்தது என்று. மறுபடி எழுதினாள். அதே பதில் வந்தது. போன் நம்பர் இல்லை. விலாசம் இல்லை. திட்டுவதற்கு ஒரு ஆள் இல்லை.

ராம்குமாரைப் போனில் கேட்டால், "ஆரம்பத்துலயே விதிமுறையில போட்டிருப்பான் பாண்டி. நாமதான் படிக்காம சரின்னு அமுக்கிட்டோம்" என்றான்.

"நாமளா? அமுக்குனது நீங்க!"

முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டார். "இலவசமாக் குடுத்தவன்ட்ட என்னத்தக் கேக்க முடியும்? லட்சுமிகாந்தம் அண்ணாச்சி ஆலை பூஜை முடிஞ்ச மறுநாளே லேபிள் கேப்பாரு. இல்லன்னு சொன்னா ஆர்டர் ஆமத்தூர் அச்சகத்துக்காரனுக்குப் போயிரும். அப்புறம் கம்ப்யூட்டருக்கு ஆளு எதுக்கும்மா எனக்கு? நீயே சொல்லு."

அவள் தன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் சாப்பிடும்போது திடீரென்று நிமிர்ந்தாள். "அக்கா, அண்ணாச்சி வீட்டுல புது லேபிளைச் சாமிக்கு வைப்பாகல்ல?"

வைப்பார்கள். தீபாவளி பூஜையில் அடுத்த வருட லேபிளை லட்சுமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டால்தான் அந்த வீட்டுக்காரர்களுக்குத் திருப்தி. அதற்கென்று எங்களிடம் கலர் பிரிண்ட் வாங்கிப் போயிருந்தார்கள். ஆனால் முதலாளியிடம் சொன்னதும் பதறிப்போனார். "கேட்டா நாம தொலைச்சிட்டோம்னு தெரிஞ்சிரும். மூச்சு விடாத!"

அவள் மூச்சுவிடாமல்தான் போனாள். கூட என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். லட்சுமிகாந்தத்தின் மருமகள் பிரீத்திகாதான் அந்த வீட்டுப் பூஜை அறையைப் பார்த்துக்கொள்கிறவள். பின்வாசலில் நின்று நடந்ததைச் சொன்னோம். அந்தப் பெண் முழுவதையும் கேட்டுவிட்டு, "எனக்கும் அந்தக் கம்பெனிக்காரன்ட்டதான் மெயில் இருந்துச்சு. பேறுகாலத்துக்கு அம்மா வீட்டுக்குப் போயிட்டு வந்தேன். கல்யாணப் போட்டோ பூராம் போச்சு. பாவி" என்றாள். உள்ளே போய் லேபிள்களை ஒரு பித்தளைத் தட்டோடு எடுத்துவந்தாள். "சாமிட்ட வச்சது. திருப்பிக் குடுத்துருங்க. மாமாட்ட நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

எல்லாவற்றிலும் சந்தனமும் குங்குமமும் ஈஷியிருந்தன. ரெட்டைக்கிளி லேபிளில் ஒரு கிளியின் கண்ணே தெரியவில்லை. அவற்றை ஸ்கேன் செய்து திரையில் போட்டு, அதன்மேல் கோடு கோடாக மறுபடி வரைந்தாள் பாண்டிச்செல்வி. ஒவ்வொரு கோட்டுக்கும் அந்தக் கம்பெனியை ஒரு வசவு வைதாள். நான் அதுவரை கேட்டிராத வசவெல்லாம் அதில் இருந்தன. மத்தாப்பு ஆலையில் படித்திருப்பாள்.

ஆலை பூஜைக்கு மறுநாள் லட்சுமிகாந்தமே காரில் வந்து இறங்கினார். அச்சடித்த தாளைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"எல்லாம் சாமிட்ட வச்ச மாதிரியே இருக்கு சீனிவாசகம். குங்குமத்தை மட்டும் எங்க காணோம்?"

லட்சுமிகாந்தம் சிரித்துவிட்டு, பாண்டிச்செல்வியின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். "அந்தக் கிளிக்கு முன்னைக்கு இப்பக் கண்ணு நல்லாருக்குத்தா. இதையே ஓட்டுங்க" என்றார். ஆர்டரும் இருந்தது, நாற்காலியும் இருந்தது.

அதோடு அவள் விடவில்லை. திருத்தங்கல் பஸ் நிறுத்தத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த சண்முகவேல், அச்சகத்தின் பெயரிலேயே மெயில் வைத்துத் தருவதாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அதற்கு வருடச் சந்தா உண்டு. முதலாளி முகம் சுளித்தார். "ஊரே இலவசமா வச்சிருக்கையில நமக்கு எதுக்கும்மா இது?"

"சண்முகவேல் வீடு எனக்குத் தெரியும் மொதலாளி" என்றாள். அவர் சந்தாப் பணத்தை எண்ணிக் கொடுத்தார். கூடவே சிடி எழுதுகிற கருவியும் வாங்க வைத்தாள். முடித்த லேபிள் ஒரு சிடியில் அச்சகத்தில் இருக்கும், இன்னொன்றில் அவள் வீட்டு அரிசிப் பானைக்குப் பின்னால் இருக்கும்.

சண்முகவேலின் மெயிலும் சும்மா இருக்கவில்லை. இடி இடித்தால் நின்றுவிடும். ஒருநாள் அவன் கடைக்கே போய் நின்றோம். இலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"வாங்க. சாப்பிட்டீகளா?"

"அத நீ மொதல்ல சரி பண்ணு. அப்புறம் சாப்பிடு."

"ஏ தாயி, ரசத்தையாவது குடிச்சுக்கிடுறேன்!" என்று எழுந்து கை கழுவப் போனான். சாயங்காலம் மெயில் வந்துவிட்டது. திட்டினால் காதில் விழுகிற ஒரு ஆள், அதுதான் அவள் கேட்டது.

கடைசியாக, பழைய பெட்டியை மூடிவிடப் போனாள். விடுமுறைக்கு வந்திருந்த ராம்குமார் பக்கத்தில் உட்கார்ந்து திரையில் வந்ததைப் படித்துச் சொன்னான். "நிச்சயமா மூடணுமான்னு கேக்கான். மனசு மாறினா வரலாமாம். அதுவரைக்கும் உன்னுடையதை எல்லாம் மூணு மாசம் பத்திரமா வச்சிருப்பானாம்."

பாண்டிச்செல்வி எழுந்தே நின்றுவிட்டாள்.

"வேணும்னு நம்பி வச்சிட்டுப் போனா ஒரு மாசம் பொறுக்க மாட்டான். வேண்டாம்னு போறவளுக்கு மூணு மாசம் வச்சிருப்பானா? ஒண்ணுமில்லாத பெட்டியை வச்சு என்ன பண்ணுவானாம், முட்டையிடவா? கொண்டாங்க அந்த மவுசை."

அழுத்தின சத்தம் என் மேசை வரைக்கும் கேட்டது.