ஆக்சிஜன் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு பேட்டி

அமெரிக்காவின் பார்சிப்பனியில் ஹனானின் அபார்ட்மெண்டுக்குள் நுழைந்ததும் முதலில் கேட்டது ஆக்சிஜன் மெஷினின் இரைச்சல். ஃபிரிட்ஜை ஆஃப் பண்ணலாம், ஏசியை ஆஃப் பண்ணலாம். இதை என்ன செய்வது? டாக்குமெண்டரிகளுக்கு சவுண்ட் ரெக்கார்ட் பண்ணுவது என் தொழில். எனக்கே கை ஓடவில்லை.

ஹனான் ஈராக்கிய நாவலாசிரியை. எழுதியதற்காகச் சிறையில் இருந்துவிட்டு அமெரிக்கா வந்தவர். நுரையீரல் புற்றுநோய் முற்றியிருந்தது. படத்தின் டைரக்டர் பிரியா, கலிஃபோர்னியா டப்ளினில் வளர்ந்த தமிழ்ப் பெண்.

ஹனானின் காலரில் நான் மைக்கைக் குத்திக்கொண்டிருந்தபோது, படத்துக்குப் பணம் போட்ட டிவி சேனலிலிருந்து பிரியாவுக்குப் போன் வந்தது. பேசிவிட்டு என்னிடம் தமிழில் சொன்னாள். "அண்ணா, பாலிடிக்ஸ் வேண்டாமாம். ஃபேமிலி, கேன்சர், அதை மட்டும் கவர் பண்ணச் சொல்றாங்க."

'பாலிடிக்ஸ்' ஹனான் காதில் விழுந்துவிட்டது. என்னவென்று ஆங்கிலத்தில் கேட்டார். பிரியா மறைக்காமல் சொன்னாள்.

"எங்க ஊர்ல மிரட்டிச் சொன்னாங்க, இங்கே மரியாதையாச் சொல்றாங்க. ரெண்டும் ஒண்ணுதான்," என்றார் ஹனான். "என் கேன்சரைப் பத்தி டாக்டர் பேசட்டும். கேமராவை ஆன் பண்ணுங்க."

பேச்சு தெளிவாகக் கேட்க வேண்டும் என்று மெஷினை அவரே நிறுத்தினார். நான் உடனே திரும்பப் போட்டேன்.

"சத்தம் இருக்கட்டும் மேடம். உங்க குரலை நான் பாத்துக்கறேன்."

"ஒரு வார்த்தை விடக் கூடாது."

"விடமாட்டேன்."

தன்னைச் சிறையில் போட்டவர்களைப் பற்றிப் பேசினார். விடுதலை என்று சொல்லி குண்டு போட்டவர்களைப் பற்றிப் பேசினார். பதவி கிடைத்ததும் பழைய ஆட்களைப் போலவே மாறிய தன் தோழர்களையும் விடவில்லை. மூச்சு வாங்கினால் நிறுத்துவார், விட்ட இடத்திலிருந்தே தொடருவார். பயமில்லையா என்று பிரியா கேட்டாள். "இனிமே என்னை என்ன பண்ணிடுவாங்க?" என்று சிரித்தார்.

அரசியல் பேச்சை வெட்டமாட்டேன் என்று பிரியா சொன்னதும் சேனல் விலகிக்கொண்டது. நாங்களே எடிட் பண்ணி ஹனானிடம் போட்டுக் காட்டினோம். பின்னணியில் சோகமாக ஒரு வயலின் வைத்திருந்தேன். அவர் முகம் சுளித்தார்.

"நான் செத்தப்புறம் அழுதுக்கட்டும். பேசும்போது கேக்கட்டும்."

வயலினை எடுத்துவிட்டேன். சில வாரங்களில் அவர் போய்விட்டார்.

ஒரு லைப்ரரி ஹாலில் படத்தைத் திரையிட்டோம். முடிந்ததும் இரண்டு ஈராக்கியர்கள் எழுந்து, தோழர்களைப் பற்றி அவர் சொன்னது தப்பு என்று வாதாடினார்கள். இன்னொரு பெண் அவர்களை மறுத்தாள். லைப்ரரியைப் பூட்ட வந்தவர் காத்துக்கொண்டு நின்றார்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். சாகப்போகிறார் என்று இரக்கப்பட்டு ஒருவரின் பேச்சை மழுக்காதீர்கள். அன்று அந்த ஹாலில் யாரும் ஹனானுக்காகப் பரிதாபப்படவில்லை. அவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.