குட்டி வேணுமா, தாய் வேணுமா?

இன்று பதுளை பஸ்ஸில் என் பழைய மாணவி செல்வி, மடியில் ஒரு வெள்ளை நாயோடு உட்கார்ந்திருந்தாள். நாய்க்குப் பால்காம்புகள் தொங்கி, உடம்பெல்லாம் சொறி. கண்டக்டர் பார்க்காததுபோல் இருந்தார்.

"தேயிலைக்குள்ள விட்டுட்டுப் போயிருக்காங்க டீச்சர். எறக்கி விட்டா ஒரே எடத்துல சுத்துது. விக்கிறதுக்காகக் கூட்டுலயே வச்சுக் குட்டி போட வச்சிருக்காங்க. டாக்டர்கிட்ட காட்டணும். அப்புறம் யாராச்சும் வளக்கணும், எங்க லய வீட்டுல ஏற்கனவே மூணு நாய் கெடக்கு."

முன் சீட்டுக்காரர் திரும்பினார். "இதே சாதிக் குட்டிதான் மகளுக்கு ஃபேஸ்புக்ல சொல்லி வச்சிருக்கேன்."

"தாயைப் பாத்தீங்களா?" என்றேன். "பப்பாசிப் பழம் வாங்குறப்பவே அமுக்கிப் பாக்குறோமே."

அவர் அங்கேயே குட்டி விற்பவனுக்குப் போன் போட்டு, தாயைப் பார்க்கலாமா என்று கேட்டார். பதில் ஸ்பீக்கரில் பஸ்ஸுக்கே கேட்டது: "உங்களுக்குக் குட்டி வேணுமா, தாய் வேணுமா?" உடனே லைனை வெட்டிவிட்டான்.

செல்வி நாயின் தலையைத் தடவினாள். "தாய் வேணும்னா இந்தா இருக்கு அண்ணே."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. பதுளையில் இறங்கியதும், "நானே வளக்குறேன்" என்று நாயைத் தூக்கிக்கொண்டு, செல்வியோடு மிருக வைத்தியரிடம் நடந்தார்.

குட்டி கேட்ட மகளிடம் தாயைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு அவர் என்ன சொல்வார்? பிள்ளை வளர்த்தவர்கள் சொல்லுங்கள்.